ஹாலுக்குப் பச்சை, ரெண்டு நம்பர்

7-1-90, ஞாயிறு

எட்டு மணி வரை பனி. எதிர் வீடே தெரியவில்லை. ஸ்வெட்டர் இன்னும் காயவில்லை, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு பாகலூர் ரோடு மொசைக் கடைக்கு.

கட்டுகிற வீட்டில் வாசல் எந்தத் திசை என்று ஜோசியர் சொன்னார். பிளான் தம்பி சேகர். நிலைக்கதவு அவன் மாமனார். சமையல் மேடை சுமதி, அவன் பெண்டாட்டி. கம்பெனி லோன் மட்டும் என் பேரில். போன வாரம் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன், ஹால் தரை நான் சொல்கிறபடி இருக்கட்டும் என்று. "உன் இஷ்டம்க்கா, தாராளமா" என்றான். எனக்கு முப்பத்தாறு வயது. தாவணியிலிருந்து சேலை வரை யாராவது எடுத்துக் கொடுத்ததுதான் கட்டியிருக்கிறேன். ஒரு தரையாவது என் கண்ணுக்குப் பிடித்ததாக இருக்கட்டும்.

கடை பாய் தட்டுத் தட்டாகச் சிப்ஸ் எடுத்து வைத்தார். எல்லாம் பளிங்குக் கல் உடைத்த சில்லு. "காஞ்ச கல்லைப் பாத்து எடுக்காதீங்கம்மா. பாலிஷ் போட்டா எப்படி இருக்குமோ, ஈரத்துல அப்படித்தான் தெரியும்" என்று செம்புத் தண்ணீரைத் தெளித்தார். சாம்பலாகக் கிடந்தது கறிவேப்பிலை நிறத்துக்கு வந்துவிட்டது. பையிலிருந்த லென்ஸைக் கண்ணில் செருகிப் பார்த்தேன். பாய்க்குச் சிரிப்பு. "வாட்ச் கம்பெனியாம்மா?" (லென்ஸ் கம்பெனியுடையது. நாளை மறக்காமல் திருப்பி வைக்க.)

பார்த்தவை:
வெள்ளை - எல்லார் வீட்டிலும்.
சிவப்பு - பேங்க்.
கறுப்பு - தூசி தெரியும்.
மஞ்சள் - கல்யாண மண்டபம். வேண்டவே வேண்டாம்.
பச்சை - ரெண்டு நம்பர் சைஸ், வெள்ளை சிமெண்டில். இதுதான்.

டியூப் லைட்டுக்குக் கீழே நாள் பூராவும் பொடிச் சக்கரங்களைப் பார்த்துவிட்டு வந்தால் கண் எரிகிறது. பச்சையைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூக்கண்டப்பள்ளியில் எங்கே இருக்கிறது பச்சை? காம்பவுண்டுச் சுவர்தான். சொந்தத் தரையிலாவது பார்க்கிறேன்.

மூட்டைக் கணக்கு மிஸ்திரி வந்து பார்த்து எடுக்கட்டும் என்றார் பாய். சரி.

9-1, செவ்வாய்

மிஸ்திரி நாராயணப்பாவிடம் சொல்லியாயிற்று. பேரிகைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், நம்மிடம் தமிழ். "ஹாலுக்குப் பச்சை, ரெண்டு நம்பர்" என்றேன். "பச்சதானம்மா, ஆகட்டும்மா." தலையை நன்றாக ஆட்டினார். நாளை சேகர் லீவு. அவனே மிஸ்திரியோடு போய் ஏற்றி வருகிறானாம். எனக்கு லீவு கிடையாது.

சுமதி ஒன்றும் சொல்லவில்லை. என்ன கலர் என்றுகூடக் கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அரிசி களைகிறாள். களையட்டும்.

11-1, வியாழன்

ஷிப்ட் முடிந்து நேராகப் புது வீட்டுக்கு. ஹால் முழுக்கக் கொட்டி முடித்துவிட்டார்கள். கட்டம் பிரிக்க நட்ட கண்ணாடிப் பட்டை நேராக இருக்கிறது. ஆனால் எல்லாம் சிமெண்ட் பால், ஒரு கல்கூடத் தெரியவில்லை.

"பச்சைதானே போட்டீங்க?"

"பச்சதானம்மா." கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "எட்டு நாள் தண்ணி கட்டணும். அப்புறம் மிஷின் வெச்சு வெட்டினா கலர் வரும்."

காத்திருக்க வேண்டியது. அதில் எனக்கு அனுபவம் உண்டு.

14-1, பொங்கல்

வாடகை வீட்டிலேயே பொங்கல். புது வீட்டு ஹாலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சாயங்காலம் தனியாகப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். காலி மூட்டைகளைக்கூடக் காணோம், சுத்தமாகப் பெருக்கி வைத்திருக்கிறார்கள்.

சேகரின் மாமியார் பண்டிகைக்கு வந்திருக்கிறாள். சுமதியிடம் அடுப்படியில்: "அவங்களுக்கும் ஒரு எடம் அமைஞ்சா வீடு உங்க ரெண்டு பேருக்கும் தாராளமா இருக்கும்." குரலைக் குறைத்ததாக நினைப்பு. சுமதி சொன்ன பதில் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் தெரிந்ததுதானே. கரும்பு இந்த வருடம் சப்பென்று.

20-1, சனி

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். மிஷின் சத்தம் தெருமுனை வரை. ஹால் முழுக்கச் சேறு. நாராயணப்பா ஒரு மூலையில் தண்ணீர் ஊற்றித் துடைத்துக் காட்டினார்.

மஞ்சள்.

இன்னொரு மூலை. மஞ்சள். நடு ஹால். நல்ல பழுத்த மஞ்சள்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. கத்தினேன். "கண்ணு அவிஞ்சு போச்சாய்யா? மாட்டுக்குக்கூடப் பச்சை தெரியுமேய்யா!" கூலியாட்கள் முன்னால். அவர் மிஷின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்தார், என் பின்னால் நின்ற சேகரைப் பார்த்தார், குனிந்துகொண்டார்.

சேகர்தான் சிரித்துக்கொண்டே வந்தான். "விடுக்கா. தெலுங்குல பச்சைன்னா மஞ்சளுக்கும் அதே பேருதானாம். நீ பச்சைன்னு சொன்னே, அவரு மஞ்சளைப் போட்டுட்டாரு. ரெண்டு பேருமே தப்பில்ல."

ரெண்டு பேருமே தப்பில்லையாம். பிறகு யார் தப்பு? தரையா?

21-1, ஞாயிறு

பக்கத்து வீட்டு ரெட்டியம்மாவிடம் கேட்டேன். உண்மைதான், பச்சை என்றால் அவர்களுக்கு ரெண்டும்தான். மூன்று வருடமாக இதே தெருவில் தண்ணீர் பிடிக்கிறேன், இது தெரியாமல் இருந்திருக்கிறேன். எங்கள் ஊர் துறையூரில் சொல்கிற மாதிரி இங்கே சொன்னால் எப்படி? இலையைப் பறித்துக் கையில் கொடுத்திருக்க வேண்டும். என் தப்பு.

பெயர்த்தெடுக்க முடியாது. கல்லுரல் மாதிரி இறுகிவிட்டது. வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு, மங்களகரமாக இருக்கிறதாம். எனக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள், அதுதான் இன்னும் மோசம்.

வாங்க: பினாயில், தேங்காய் நார், சேப்டி பின்.

27-1, சனி

கடைசிப் பாலிஷ். வெயில் சுள்ளென்று. சேகர் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற யாரோடோ பர்கூர் போயிருந்தான். நாராயணப்பா தனியாக. டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்குப் பேசியதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "பாஷைக் கோளாறு, மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

டீயைக் கீழே வைத்தார்.

"கோளாறு இல்லம்மா. முப்பது வருசமா தமிழாளுங்க வூட்டுல வேலை செய்யறேன். பச்சைன்னா ரெண்டு அர்த்தம் வரும்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் கடையில உங்க தம்பியக் கேட்டேன், ஆக்குபச்சையா, பசுப்பு பச்சையான்னு. ஆக்குன்னா எலை. பசுப்புன்னா மஞ்சள். அவரு ரெண்டு தபா பசுப்புன்னு சொன்னாரு. வூட்டம்மாவுக்கு அதான் புடிக்கும்னாரு."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"அவரு உங்க பின்னாலயே நின்னாரும்மா. அக்கா தம்பிக்குள்ள நான் எங்க நொழையறது? திட்டு வாங்கினா ரெண்டு நாள்ல காஞ்சு போவுது."

மிஸ்திரி கேட்ட கேள்வியையே எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் சாக்காக நீட்டியிருக்கிறான் தம்பி. அவர் கேட்டிராவிட்டால் இவனுக்குப் பொய்கூடத் தெரிந்திருக்காது.

மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை சரியாக. "மாடு மேய்ச்சவன்தாம்மா நானு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வூட்டம்மா. அப்படியானால் சுமதி. அன்றைக்கே நினைத்தேன்.

28-1, ஞாயிறு

காலையிலேயே கேட்டுவிட்டேன். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "மஞ்சள் வேணும்னா நேரா எங்கிட்டக் கேட்டிருக்கலாமே சுமதி. புருஷனை ஏவி விடணுமா?"

ஈரத்துணியைக் கையில் வைத்தபடி பார்த்தாள். "நானா அண்ணி?"

"பின்னே நானா?"

"நீங்கதான் மஞ்சள்னு பிடிவாதமா இருக்கீங்கன்னு அவரு சொன்னாரு. எனக்கு மஞ்சளே புடிக்காது. பச்சை போடலாமான்னு கேட்டேன். அக்கா முடிவு பண்ணிட்டா, பேசாதேன்னாரு. நீங்க கட்டற வீடு, நான் என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்." கண் கலங்கியிருந்தது. "நீங்களும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே அண்ணி."

கேட்கவில்லை. இந்த நோட்டில் அவளைப் பற்றி எழுதியதையெல்லாம் திருப்பிப் படித்தேன். அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை. எல்லாம் நானாக எழுதிக்கொண்டது.

பிறகு கொடியின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மிச்சத் துணியைக் காயப் போட்டோம்.

29-1, திங்கள்

பனி குறைந்துவிட்டது. ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைத்தாயிற்று. சாயங்காலம் சேகர் வந்ததும் சுமதியும் பக்கத்தில் நின்றாள். கேட்டேன். மழுப்புவான் என்று நினைத்தேன். ஷூவைக் கழற்றாமலே பேசினான்.

"கம்பெனில என்னை எப்படிக் கூப்பிடறானுங்க தெரியுமா? அக்கா வீட்டு மாப்பிள்ளை. ஷிப்டுக்கு ஷிப்டு. வீடு பாக்க வர்றவன்கிட்ட இது நான் போட்டதுன்னு காட்ட அதுல என்னக்கா இருக்கு? மஞ்சள்மேல எனக்கு ஆசையில்ல. நீ சொன்ன கலரா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

சுமதி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் உள்ளே போய்விட்டான்.

இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் சந்தோஷமாக விட்டுக்கொடுத்திருப்பேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். விட்டிருக்க மாட்டேன்.