சுருட்டை முடிக் கரடி

மகளோட அப்பாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம். அங்கே குளிர் தாங்கலை, அலமாரியில விட்டுட்டுப் போன சாம்பல் ஸ்வெட்டரை அனுப்பி வைன்னு எழுதியிருந்தீங்க. மகளைப் பத்தி விசாரிக்கத்தான் காகிதத்துல இடம் பத்தலை போலிருக்கு.

ஸ்வெட்டர் இல்லை. பிரிச்சுட்டேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை வச்சிருக்கிற மாதிரி, நூல்ல பின்னின கரடிதான் வேணும்னு இவ ஒரே அழுகை. குரோஷா ஊசியை அப்பதான் முதல் தடவையா கையில பிடிச்சேன். பிரிச்ச நூலை நனைச்சு, காயப்போட்டு, நெளிவு போன பிறகுதான் பின்னணுமாம். எனக்கு யார் சொன்னா? நெளிநெளியா இருந்ததை அப்படியே பின்னிட்டேன். கரடிக்கு உடம்பெல்லாம் சுருட்டை. ஒரு காது பெருசு. கழுத்துல பஞ்சு பத்தாம தலை தொங்குது.

ஸ்வெட்டரைப் பின்னினவங்களுக்கு நல்ல கை. ஒரு கண்ணிகூடப் பிசகலை. எவ்வளவு ஆசையா உட்கார்ந்து பின்னியிருக்காங்கன்னு பிரிக்கப் பிரிக்கத்தான் தெரிஞ்சுது. "ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்தாங்க"ன்னு நீங்க சொன்னப்போ நானும் தலையாட்டினவதானே.

நம்ம மகளுக்கு அந்தக் கரடின்னா உயிர். "அப்பா முடி மாதிரியே இருக்கும்மா"ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறா.

ஸ்வெட்டர் வேணும்னா நேர்ல வந்து அவ கையிலிருந்து பிடுங்கிட்டுப் போங்க. அதுக்காவது வருவீங்கள்ல?

இப்படிக்கு,
அவளோட அம்மா