எதையும் ஏற்கும் குழாய்

2025 மே 12, திங்கள்
காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போய்விட்டது. எஸ்டேட்டின் தண்ணீர்க் குழாய்களைத் தானாகத் திறந்து மூடும் புரோகிராம். எழுதுவது நான் ஒருத்திதான்.

மூன்றாவது தொட்டிதான் தலைவலி. கோடையில் அதில் குடிதண்ணீர். மழை நெருங்கினால் காப்பிச் செடிக்கு நோய் மருந்தாக அடிக்கும் மயில்துத்தக் கலவை, நீல விஷம். “தொட்டி அதேதான் கண்ணு, கழுவிட்டு மாத்திக்குவோம்” என்றார் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பெரியநாயகம். இங்கே என்றும் அப்படித்தான். அதனால் குழாய்<T> என்று எழுதினேன். T இருக்கும் இடத்தில் எது வேண்டுமானாலும் ஓடலாம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மே 20, செவ்வாய்
குழாயில் ஓடுவதிடம் ‘உன்னைக் குடிக்கலாமா?’ என்று கேட்க ஒரு வரி சேர்த்தேன். எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் மறுத்துவிட்டது. T எதுவாகவும் இருக்கலாம் என்று நீதானே சொன்னாய், அதற்கு இந்தக் கேள்வி புரியும் என்று நான் எப்படி நம்புவது என்கிறது. நியாயம்தான்.

T extends குடிநீர் என்று வரம்பு போட்டால் தீர்ந்தது. குடிநீர் வகையைச் சேர்ந்தது மட்டுமே உள்ளே வரும். போட்டேன் — வேறு இடங்களில் பிழை காட்டும் நாற்பது சிவப்புக் கோடுகள்! கெடுவோ வெள்ளிக்கிழமை. வரம்பை எடுத்தேன். கேள்வி கேட்ட வரியையும் எடுத்தேன். சிவப்பு போய்விட்டது. பிறகு ஏன் மனசு அடித்துக்கொள்கிறது?

மே 23
அனுப்பியாயிற்று.

மே 31, சனி
தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து இன்பமேரி சித்தி வந்திருந்தாள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள். “தண்ணி நொம்பத் துவர்க்குது கண்ணு. வவுறு வேற பெரட்டுது.” குழாய் புதுசு சித்தி, அப்படித்தான் இருக்கும் என்றேன். என் வீட்டுத் தண்ணீரை இரண்டு சொம்பு குடித்துவிட்டுப் போனாள்.

ஜூன் 1, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. வரம்பைத் திரும்பப் போட்டு, நாற்பது பிழைகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். முப்பத்தொன்பது சில்லறை. கடைசியானது மருந்துக்கால அட்டவணை. கோடை அட்டவணையை நகலெடுத்து, ‘குடிநீர்’ இருந்த இடத்தில் ‘மருந்து’ என்று மட்டும் மாற்றியிருக்கிறேன். குழாய் போய்ச் சேரும் இடத்தை மாற்றவில்லை. லைன் வீடுகள்.

‘மருந்து வரம்புக்குள் இல்லை’ என்கிறது கம்பைலர். அன்றைக்கும் இதைத்தான் சொல்லியிருக்கும். நான்தான் படிக்கவில்லை.

ரைட்டருக்குப் போன் போட்டேன். “மருந்தா? வியாழக்கெழமையே கலந்துட்டமே கண்ணு!”

வால்வ மூடுங்க, கையாலயே மூடுங்க — கத்தினேன். ஓடினேன். லைன் வீடுகளுக்குக் குடிதண்ணீர் தரும் முதல் தொட்டி வற்றும்போதெல்லாம் மூன்றாவதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. மூன்று நாளாக. சித்தி வாசலில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பச்சையும் நீலமுமாய். ஆண்டவரே, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்?

ஜூன் 4
சேலம் ஆஸ்பத்திரி. லைன் வீடுகளிலிருந்து சேர்த்த ஒன்பது பேரில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்திக்குச் சிறுநீர் பிரியவில்லை. டயாலிசிஸ் மெஷினில் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்
ரைட்டர் அறிக்கையோடு வந்தார். “உம் பேரு வராமப் பாத்துக்கிட்டேன். தொட்டி சரியாக் கழுவலைன்னு முடிச்சிரலாம் கண்ணு.”

வாங்கிப் படித்தேன். தவறு செய்தவர் என்ற இடத்தில் தொட்டி கழுவியவரின் பெயர்: இன்பமேரி.

பேனா கேட்டேன். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்: ஆஷ்லின். நான்கு மணிக்குச் சித்தியைப் பார்க்க விடுவார்களாம்.