இரண்டு விசில்

அன்புள்ள நெட்டைக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மூவரும் சுகமாகவே இருக்கிறோம், அங்கே உன் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன், அந்த முழங்காலைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன். போனில் பேச வேண்டியதை எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ விசும்பினால் நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. காகிதம் அழாது, நான் பாட்டுக்குச் சொல்லி முடிக்கலாம். காலை நீட்டித் தலையணை மேல் வைத்துக்கொண்டு படி.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா பார். ஆபரேஷன் செய்த டாக்டர் அடுத்த சீசனில் நீ ஆடலாம் என்கிறார். கிளப்போடு உன் ஒப்பந்தமும் இன்னும் ஒரு சீசனுக்கு இருக்கிறது. ஆனால் மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, கூடைப்பந்திலிருந்து சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு, ஊரைக் கூட்டி வழியனுப்பு விழா நடத்துகிறோம், பூங்கொத்து கொடுக்கிறோம் என்கிறார். நீ போட்டுவிட்டால் உன் காலுக்கு அவர்கள் வைத்தியம் பார்க்க வேண்டாம், உன் இடத்துக்கு ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்துவிடலாம். இவ்வளவுதானே? அதற்கு நீ, போட்டுட்டு வந்துடவாம்மா, ஆடாம பெஞ்சுல உக்கார வெக்கமா இருக்கு என்றாய். இப்போது சொல்கிறேன், போடாதே. பேனாவையே தொடாதே. பூங்கொத்துதான் வேண்டுமென்றால் நான் வாங்கித் தருகிறேன். உங்கள் அணித் தலைவி, ஆட்டக்காரர்கள் சங்கத்தில் ஒரு வக்கீலம்மா இருப்பதாகச் சொன்னாளே, ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு முதலில் அவரைப் போய்ப் பார். மேனேஜர் அறைக்குத் தனியாகப் போகாதே.

உன் மாமா செய்தி கேட்டதும் ஓடி வந்தார். என் அண்ணன்தான், ஆனாலும் சொல்கிறேன், சந்தோஷத்தை முகத்தில் மறைக்கத் தெரியாத மனுஷன். பந்து தட்டினதெல்லாம் போதும், முப்பது வயசுல அரைக்கால் சட்டையோட ஓடினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க, என் கிடங்கு ஆபீஸ்ல ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியா இருக்கு, வந்து உக்காரட்டும் என்றார். அப்பா கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டே, தலை நிமிராமல், அவ உயரத்துக்கு எழுந்தா ஃபேன் தலையில இடிக்குமே மச்சான் என்றார். உன் அப்பா பேசுவதே அபூர்வம், பேசினால் இப்படி. மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன கையோடு நான் ஒரு காரியம் செய்தேன், உனக்குக் கோபம் வரும், வரட்டும். உன் அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வந்திருக்கிறாள், நல்ல பெண், என் தோள் உயரம்கூட இல்லை. உனக்காக அப்பா நீட்டிச் செய்த கட்டிலில் அவள் படுத்தால் கால்மாட்டில் பாதிக் கட்டில் மிச்சம், அங்கே துணி மடித்து வைத்திருக்கிறாள். உன் கோப்பைகளைக் கூடத்து அலமாரிக்கு மாற்றிவிட்டேன், தூசி தட்டுவது தம்பியின் வேலை, அவன் தட்டுவதில்லை. அக்கா வந்தா எங்கம்மா படுப்பா என்று கேட்டான். அதுக்காகத்தாண்டா விட்டேன் என்றேன். புரிந்ததும் சிரித்தான்.

பெஞ்சில் உட்கார வெட்கமாக இருக்கிறது என்று என்னிடமா சொல்கிறாய்? நீ வயிற்றில் இருந்தபோது எங்கள் டிப்போ மேனேஜர், எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போம்மா, வயித்துல பிள்ளையோட பஸ்ல கண்டக்டர் வேலையா என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் எனக்கு வண்டி கொடுக்கவில்லை. தினமும் சீருடை போட்டு, பையை மாட்டி, விசிலும் கழுத்துமாகப் போய் அவர் அறைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். டிரைவர்கள் முதலில் கேலி செய்தார்கள், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்கள், அப்புறம் அவரிடமே போய் என்ன சார் இது அநியாயம் என்று கேட்டார்கள். நீ பிறந்த பிறகும் அதே பெஞ்சுக்குத்தான் போனேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் வண்டி கொடுத்தாரே தவிர நியாயம் புரிந்து கொடுக்கவில்லை. எனக்கென்ன, வண்டி கிடைத்தது. அதனால் நீயும் அணி உடுப்பைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் ஐஸை வைத்துக்கொண்டு, மேனேஜர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்.

கால் நிஜமாகவே தேறாது என்று டாக்டர் சொன்னால், அல்லது போதும் என்று உனக்கே தோன்றினால், அன்றைக்கு வா. நான் தரையில் படுத்துக்கொண்டு என் கட்டிலை உனக்குத் தருகிறேன், பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பரவாயில்லை. உன்னைப் பார்க்காமல் எனக்கு மட்டும் நன்றாகவா இருக்கிறது? ஆனால் விரட்டினார்கள் என்று வராதே.

பள்ளிக்கூட அணியில் நீ ஆடிய அந்த இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தேன். கடைசி நிமிஷத்தில் நீ பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாய், எனக்குத் தலைகால் புரியவில்லை, பஸ்ஸைக் கிளப்புகிற பழக்கத்தில் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதிவிட்டேன். நடுவர்தான் ஊதினார் என்று மற்ற பெண்களெல்லாம் சிலையாக நின்றார்கள், நீ ஒருத்தி மட்டும் ஓடிப்போய்ப் பந்தைக் கூடையில் போட்டாய். பெரிய ரகளை. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள், மீதியை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். ஆனால் தான் ஊதி நிறுத்தாதபோது விழுந்த பந்தை நடுவர் எப்படிச் செல்லாது என்பார்? ஏண்டி நீ மட்டும் நிக்கலை என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். நடுவர் வாயில விசில் இல்லம்மா, நான் பாத்தேன், அதோட ரெண்டு விசில்னா போன்னுதானே அர்த்தம் என்றாய்.

இப்போது மேனேஜர் ஊதுகிறார், மாமா ஊதுகிறார். நீ நிமிர்ந்து நடுவர் வாயைப் பார்.

உன் காலும் மனசும் உறுதியாக இருக்கட்டும், என் ஆயுசும் சேர்த்து நீ ஓடு. முழங்காலுக்கு அந்தப் பிசியோதெரபிக்காரர் சொன்ன பயிற்சியைக் காலையும் மாலையும் செய், வலிக்கிறது என்று ஏமாற்றாதே. இந்த உறையை ஒட்டியதும் வாசலில் நின்று இரண்டு முறை ஊதப்போகிறேன், நர்ஸ் பயந்தால் பயந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
இன்னும் கழுத்தில் விசிலோடு,
உன் அம்மா