சிவப்புப் போர்வை

ஓல்போர்க்,
18 ஒக்டோபர் 2024

அன்புள்ள ஸ்ரிபனுக்கு,

மடுமாதாவின் காவலில் நானும் மகளும் சுகம். மன்னாரில் மாமாவின் கால் புண் ஆறி வருகிறதா? மருந்து கட்டும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கோ.

போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நான் வேலை செய்யும் ஓவியக் கலரியில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்துவிட்டார்கள்.

சீனாவிலிருந்து சென் யூலான் என்றொரு ஓவியர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒன்பது படங்கள். எல்லாவற்றிலும் ஒரே கட்டில், ஒரே சிவப்புப் போர்வை, ஆள் இல்லை. படங்களை மாட்டும்போது அரைகுறை இங்கிலீசில் விசாரித்தேன். போன வருடம் சிறுநீரகம் பழுதாகிக் கணவர் இறந்துவிட்டாராம். அது கலியாணத்துக்கு வாங்கிய போர்வையாம். எங்கள் கூறைச்சேலை மாதிரி என்றேன். சிரித்தார்.

பொறுப்பாளர் கியர்ஸ்டனுக்கு அது போதவில்லை. சிவப்பென்றால் கம்யூனிஸ்ட் கட்சி, வெறுங்கட்டிலென்றால் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்று விளக்கம் அச்சடித்தார். சொன்னபடி நானே சுவரில் ஒட்டினேன். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, ஊருக்குத் திரும்பப் பயமா என்று யூலானிடம் கேட்டார். ஓம், வீடு வெறுமையாக இருக்கும், பயம்தான் என்றார் அவர். மறுநாள் தலைப்பு, நாடு திரும்ப அஞ்சும் ஓவியர். சீனாவில் அரசாங்கப் பள்ளியில் படிப்பிக்கும் யூலானின் மகன், தன் வேலைக்கு ஆபத்தென்று போன் எடுத்துப் பதறினானாம்.

விளக்கத்தை எடுங்கள் என்று இருவரும் போய்க் கேட்டோம். அதற்காகத்தானே சனம் வருகிறது என்றார் கியர்ஸ்டன். பிறகு என்னைப் பார்த்து, "அகதியாக வந்த உனக்கே இது விளங்கவில்லையா?" என்றார். முப்பது வருடம் இங்கே இருந்தும், என் வாயிலிருந்து யுத்தம்தான் வரவேண்டும் இவர்களுக்கு.

சனிக்கிழமை கதவு திறக்க முதல் அதைச் சுரண்டி எடுத்தேன். என்ன எழுத என்று யூலானைக் கேட்டு, "என் கணவர் படுத்த கட்டில்" என்று டெனிஷில் எழுதி ஒட்டினேன். அன்று ஒரு வயதான டெனிஷ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.

திங்கட்கிழமை பழைய விளக்கம் திரும்ப ஏறியது. எனக்குக் கடிதமும் வந்தது. நேற்று யூலான் ஒன்பதையும் கழற்றித் தரச் சொன்னார். கழற்றிக் கொடுத்தேன். இப்போது சுவரில் விளக்கம் மட்டும் இருக்கிறது.

வேலை போகலாம். நீங்கள் ஏசுவீர்களோ தெரியாது. ஏசுவதென்றாலும் நேரில் வந்து ஏசுங்கோ. மாமா நடக்கத் தொடங்கியதும் ஒரு நாளும் பிந்தாமல் வெளிக்கிடுங்கோ. நுளம்பு வலைக்குள் படுங்கோ, நித்திரையில் காலை வெளியே நீட்டாதேயுங்கோ. மாதா உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
யூலியானா