வாசலோடு திரும்பிய கடிதங்கள்

1839, மே 6. பர்மிங்ஹாம்

காலையில் தபால்காரர் குரல் மாடிப்படிவரை கேட்டது. "லீட்ஸ்லேர்ந்து மிஸ் லிடியாவுக்கு. ஒன்பது பென்னி கட்டி வாங்கிக்கணும், ஐயா."

"வேண்டாம். கொண்டுபோ."

நான் இறங்குவதற்குள் அப்பா கதவைச் சாத்திவிட்டார். அப்பா பேச்சை மீறி நெசவாளியைக் கட்டிக்கொண்டு லீட்ஸ் போன அக்கா டார்கஸ், ஒன்றரை வருடத்தில் எழுதிய முதல் கடிதம். அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பதுகூட அதற்குள்தான் இருந்திருக்கும்.

சாயங்காலம், தபால் கட்டணத்தை ஒரு பென்னியாக்கக் கோரும் கூட்டத்தில் அப்பா பேசினார். "மகள் எழுதிய கடிதத்தை வாங்க வழியில்லாமல் ஒரு தாய் வாசலில் நின்று அழலாமா?" பக்கத்துப் பெண் கைக்குட்டையை எடுத்தாள்.

ஜூன் 19

இன்னொன்று. அதுவும் போயிற்று.

ஜூன் 20

கேட்டேவிட்டேன். "என் பேருக்கு வந்ததுப்பா அது."

"காசு குடுக்கறவன் நான். என் வாசலுக்குள்ள எது வரலாம்னு நான்தான் சொல்லுவேன்."

"உங்க பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு மட்டும் நியாயம், நீதிமன்றமா?"

"அது பள்ளிக்கூடம். இது வீடு, லிடியா."

செப்டம்பர் 3

அப்பாவின் பள்ளியில் பிரம்பு கிடையாது. ஆசிரியரே தப்பு செய்தாலும் மாணவர்கள்தான் விசாரிப்பார்கள். நேற்று மூன்றாவது கடிதமும் திரும்பியது. அப்பாமேல் புகார் எழுதிக் கொடுத்தேன்.

மாணவர் நீதிபதி ஃபாதர்கில்லுக்குப் பதினான்கு வயது. "மிஸ் லிடியா, நீங்க இந்தப் பள்ளியில உறுப்பினர் இல்ல. புகாரை எடுத்துக்க முடியாது."

பின்வரிசையில் அப்பா பெருமையாகத் தலையாட்டினார். விதியைச் சரியாகப் படித்திருக்கிறானாம்!

இந்தப் பயலுக்கு மூணு வருஷமா லத்தீன் சொல்லிக்குடுக்கறது யாரு? உறுப்பினர் இல்லியாம்!

1840, ஜனவரி 13

ஒரு பென்னித் தபால் வந்து மூன்று நாள். அனுப்புகிறவரே கட்டிவிடலாம். கூடத்தில் நண்பர்களோடு அப்பா கொண்டாடிக்கொண்டிருந்தபோது தபால்காரர் என் கையிலேயே கொடுத்தார். காசு கேட்கவில்லை.

"லிடியா, இந்தத் தடவை நானே கட்டிட்டேன். திருப்பி அனுப்ப உனக்குக் காரணம் இருக்காது. மூணு தடவையும் கேட்டது ஒண்ணுதான், பிரசவத்துக்கு வான்னு. இனி வர வேண்டாம். குழந்தை தங்கல."

உனக்கா? நானா? இத்தனை மாசமும் நான்தான் திருப்பினேன்னு நெனச்சிட்டிருந்தாளா!

கடைசியில் தெருப் பெயர் இருக்கிறது.

ஜனவரி 15. லீட்ஸ்

அப்பா செய்தது என்று சொன்னேன். டார்கஸ் நம்பினாளா, தெரியவில்லை. தன் பக்கத்தில் எனக்கும் படுக்கை விரித்தாள்.

அப்பாவிடம் சொல்லாமல் வந்தேன். எழுதப்போவதும் இல்லை.