பதினான்கு அலமாரிக் கதவுகள்

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சகாயத்துக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? சாயல்குடியில் மழை உண்டா? போனில் சொன்னால் அறையில் எல்லோரும் சிரிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

அஞ்சம்மாள் என்பவர் வீட்டுச் சமையலறையில், பாலிஷ் போட்ட மர அலமாரிகளுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்கும் வேலை. பதினான்கு கதவுகளையும் கழற்றி, இடம் மாறாமல் இருக்கப் பின்பக்கம் பென்சிலால் எண் போட்டேன். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, பழைய பாலிஷ் போக இருபுறமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எண்களும் போய்விட்டன.

"இன்னாபா, நீயே எழுதிக்கினு நீயே அழிச்சிட்டியா?" என்றார் அஞ்சம்மாள்.

மேஸ்திரி இன்றோடு என்னை அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அந்த அம்மாவோ சிரித்துக்கொண்டே கதவுகளைத் தடவிப் பார்த்தார். "இந்தப் பள்ளம் குக்கர் மூடி பறந்து அடிச்சது, அடுப்பாண்ட மாட்டு. இது எங்க ஊட்டுக்காரரு கோவத்துல ஒதச்சது, கீழ மாட்டு." இப்படியே பதினான்குக்கும் இடம் சொல்லிவிட்டார். மேஸ்திரிக்குத் தெரியாது. நாளை பிரைமர் அடிக்கிறேன்.

தூசி மூக்கில் ஏறுகிறது. மாஸ்க் இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஆனாலும் உன் பழைய நூல் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. துவைக்க வேண்டாம்.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உன்
பாக்கியநாதன்