அக்காவுக்கும் அதே வேகம்

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நலம்தானே? உன் கம்பெனி இணையத்தில் அனுப்பினால் எந்த யுகத்தில் வந்து சேருமோ என்றுதான் இதைத் தபாலில் போடுகிறேன்.

காது கேளாதவர்களுக்காக வீடியோவில் சைகைமொழி பெயர்ப்பதுதானே என் பிழைப்பு. நேற்று நம் தையல்காரர் மருத்துவர் முன்னால் இருந்தார். "மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்றார் மருத்துவர். நானும் காட்டினேன். படம் திக்கித் திக்கிப் போனதில் "கூடாது" மட்டும் போய்ச் சேரவில்லை. மனுஷன் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார்! நல்லவேளை, அவர் மனைவி தடுத்துவிட்டாள்.

உங்கள் சினிமாச் சேவை மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதே, எப்படி? கேட்டால், "வேகப் பாதைக்குத் தனியா கட்டுங்கம்மா" என்கிறான் உங்கள் ஆள். இப்படியே போனால் நான் கடையை மூட வேண்டியதுதான். எல்லாரையும் ஒரே வேகத்தில் விடச் சொல்லி அரசு விதி போட வேண்டும். தொலைத்தொடர்பு ஆணையத்தின் விசாரணையில் பேசப் போகிறேன். கோபித்துக்கொள், ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தையல்காரர் விஷயம் படித்ததும் அவர் மனைவிக்கு இங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். ஆனாலும் கேள். ஊரெல்லாம் இணையக் கம்பி இழுத்தவர்கள் நாங்கள். அரசை உள்ளே விட்டால் சும்மா இருக்குமா? இன்று "ஒரே வேகத்தில் விடு" என்பார்கள், நாளை "யார் என்ன பேசுகிறார்கள், திறந்து காட்டு" என்பார்கள். தையல்காரர் மருத்துவரிடம் சொல்லும் அந்தரங்கம் யார் யார் கண்ணிலோ படும். யோசித்தாயா?

கம்பெனி சார்பில் அங்கே உட்காரப் போவது நான்தான். என் மானத்தை வாங்கிவிடாதே, தாயே!

உன் வாலு

மார்ச் 18

வாலு,

திட்டினாலும் விஷயத்தோடு திட்டியிருக்கிறாய். "கம்பெனி வேகத்தில் கை வைக்கக் கூடாது, அரசு உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது" என்று ஆணையத்துக்குக் கொடுக்கும் மனுவில் சேர்த்துவிட்டேன். "உன் தம்பிக்கு மூளை இருக்கு, இருக்கிற இடம்தான் சரியில்ல" என்று தையல்காரர் சைகை காட்டினார்.

ஒன்றே ஒன்று. விசாரணையில் உன்னைக் கேட்டால் உள்ளதைச் சொல். மறைத்தாலும் நீ என் தம்பிதான், ஆனால் உன்னோடு பேச எனக்கு மனசு வராது.

அக்கா

ஏப்ரல் 9

என் அக்காவே, தெய்வமே,

ஜெயித்துவிட்டாய்! நீ கேட்ட விதி, நான் பயந்து கேட்ட விதி, இரண்டும் அப்படியே வந்துவிட்டன.

"அந்தம்மா வீடியோவ நீங்க மெதுவாக்குறீங்களா, இல்லையா?" என்று ஆணையத் தலைவி கேட்டபோது, மேசைக்கடியில் எங்கள் மேலாளர் என் காலை மிதித்தது உனக்குத் தெரியாது. வலியில்தான் "ஆமாங்க" என்று கத்திவிட்டேன் என அவரிடம் சமாளித்து வைத்திருக்கிறேன். வேலை போய்விடும் என்றிருந்தேன். உன் வீடியோவை மெதுவாக்கப் போட்ட தடையை எடுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானாம், தப்பித்தேன்! இன்று காலை என் கையாலேயே எடுத்தேன்.

எடுத்த கையோடு தையல்காரரை வீடியோவில் கூப்பிட்டேன். மடமடவென்று ஏதோ காட்டினார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை அக்கா, ஆனால் ஒரு விரல்கூட நடுவில் நிற்கவில்லை! ஆபீஸ் என்றும் பார்க்காமல் எழுந்து கைதட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அவருக்கு எங்கே கேட்கப்போகிறது?

அவர் சிரித்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, பத்து விரல்களையும் படபடவென்று ஆட்டினார். அவர்கள் கைதட்டுவது அப்படித்தானாமே? நானும் கைகளைத் தூக்கி ஆட்டினேன். மேலாளர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கைகளைக் கீழே இறக்கவே இல்லை.

உன் வாலு